சிறுசேமிப்பில் ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது பழமொழி. கட்டிய வீட்டை வாங்குவதும் அத்தகையதொரு தேர்வேயாகும்.

தமிழ்நாட்டில் 20 இலட்சம் ரூபாய்க்கு வீடு வாங்க விழையும் குடும்பம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாம். வங்கி, விலையில் 90 விழுக்காட்டிற்கு மேல் கடன் தருவதில்லை. எஞ்சிய 2 இலட்சத்தைக் குடும்பமே செலுத்த வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் மிகுதியானதன்மீது இவை கணக்கிடப்படும். எனவே, குறைந்தது 1,80,000 ரூபாய் மேலும் தேவை. ஆக, 3,80,000 ரூபாய் கையிருப்பு இல்லாதவர் முன்பணம் கொடுத்தபின் பின்வாங்க நேரிடும்.

விலை மலிவு என்பதற்காக ஆவணங்களை ஆராயாமல் விடலாகாது. தாய்ப்பத்திரம் உரிமை வந்த வழியைக் காட்டும். பட்டா, வருவாய்த்துறைப் பதிவில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை உணர்த்தும். வில்லங்கச் சான்று, பதிவான விற்பனையையும் அடமானத்தையும் தெரிவிக்கும். பதிவாகாத உடன்படிக்கைகள் அதில் இடம்பெறா. ஆதலால், அக்கம்பக்கத்தாரிடம் நேரில் வினவுவதும் வழக்கறிஞரின் கருத்தைப் பெறுவதும் இன்றியமையாதன.

சுவரின் வண்ணத்தைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பத்திரத்தின் குறையைப் பின்னர் களைதல் எளிதன்று.