புகலிட வழக்குரைஞரின் வேலை என்ன?



"லண்டனில் இறங்கியதும் அசைலம் போட்டுவிட்டால் போதும், மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று ஏஜெண்ட் சொன்னதாகவும், இது சரிதானா என்றும் பெற்றோர் சிலர் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து விசாரிக்கிறார்கள். அந்த வக்கீல் பார்த்துக்கொள்ளும் "மீதி" எது, அவரால் முடியாதது எது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆகவே இம்மாதக் கல்விப் பகுதியில் அந்தத் தொழிலைப் பற்றிப் பார்ப்போம்.

அடைக்கலம் கேட்பது நமக்குப் புதிய செய்தியன்று. மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்காமல் கி.பி. 615 வாக்கில் அபிசீனியாவுக்குப் போன முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டு, அன்பளிப்புப் பொருள்களோடு குறைஷிகளின் தூதர்கள் அந்நாட்டு அரசர் நஜ்ஜாஷியிடம் வந்தார்கள். வந்தவர்களின் தரப்பைக் கேட்காமல் யாரையும் ஒப்படைக்க முடியாது என்று அரசர் சொல்லிவிட்டார். ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் எல்லோருக்காகவும் எழுந்து, நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொன்னார்கள். விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும், கேட்பவருக்குச் சார்பாகப் பேச ஒருவர் வேண்டும் என்பதும் இன்றைய புகலிட முறையிலும் இருக்கின்றன.

இன்றைய சட்டத்திற்கு அடிப்படை 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை. முதலில் 1951க்கு முந்தைய நிகழ்ச்சிகளால் அகதியானவர்களுக்கு மட்டும் என்றிருந்த அதை 1967ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தம் எல்லாக் காலத்திற்கும் உரியதாக்கியது. இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் தன் நாட்டில் கொடுமைக்கு ஆளாவோம் என்ற, தக்க ஆதாரமுள்ள அச்சம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை அந்த ஆபத்து இருக்கும் இடத்திற்குத் திருப்பி அனுப்பக் கூடாது. வறுமை இந்த ஐந்தில் இல்லை. கடன் இல்லை. வேலையின்மையும் இல்லை. ஏஜெண்டுகள் வாயே திறக்காத பகுதி இதுதான்.

நம் நாடு இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996ல் நம் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இங்கே வழக்காடுபவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் பேசுவோரின் வழக்குகளே அங்கே சட்டத்தைச் செதுக்கியிருக்கின்றன என்பது அதற்கு ஒரு காரணம்.

1987ல் இலங்கைப் போரிலிருந்து தப்பி பிரிட்டன் வந்த தமிழர் சிலரின் கோரிக்கையை அந்நாட்டு உள்துறை மறுத்தது. ஆறு பேருடைய வழக்கு அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் சபை வரை போயிற்று. அந்த டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மனுதாரரின் மனத்தில் பயம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பயம் நடப்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டா என்று வெளியிலிருக்கும் நிலவரத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். வழக்கில் தமிழர்கள் தோற்றார்கள். அவர்களில் ஐந்து பேர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அவர்களுடைய வழக்குரைஞர்கள் அத்தோடு கோப்பை மூடவில்லை. அக்காலச் சட்டப்படி, நாட்டைவிட்டுப் போன பிறகுதான் அவர்களால் மேல்முறையீடு செய்ய முடியும். அதைச் செய்தார்கள். கட்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஆபத்தில் இருக்க, வழக்கு லண்டனில் நடந்தது. 1989 மார்ச்சில், இவர்களுடைய அச்சத்திற்குத் தக்க ஆதாரம் இருந்தது, புகலிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, அதே ஆண்டில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். பிறகு 1991ல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இதே விஷயத்தில் அவர்களுக்குத் தோல்விதான். தோல்வி, வெற்றி, தோல்வி. இதற்கிடையே ஐந்து பேர் உயிரோடு பாதுகாப்பான இடத்தில் இருந்தார்கள். இந்தத் தொழிலின் இலாப நஷ்டக் கணக்கை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

"நியாயமான அளவு வாய்ப்பு" என்பது பார்வைக்குத் தாழ்ந்த வாசல்தான். ஐம்பது சதவீதத்திற்கு மேல் நிரூபிக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சற்று உயர்த்திவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் வந்த மனுக்களில், இவர் சொல்லும் காரணத்திற்காக உண்மையிலேயே அஞ்சுகிறாரா என்பதை 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவில் காட்ட வேண்டும். திரும்பிப் போனால் ஆபத்து உண்டா என்பதற்கு மட்டும் பழைய அளவுகோல்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி கறுப்பு அங்கி போட்டு வாதாடுவதில் இல்லை. கட்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து, அவர் சொல்வதைப் பல நாள் கேட்டு, வாக்குமூலமாக எழுதுவதில் இருக்கிறது. வந்து இறங்கியவுடன் அதிகாரி சுருக்கமாக ஒரு விசாரணை நடத்துவார். பின்னர் விரிவான நேர்காணல் நடக்கும். இரண்டிலும் சொன்னதையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்துறை ஒப்பிடும். ஒரு தேதி மாறினால், "முன்னுக்குப் பின் முரண், ஆகவே நம்பத்தக்கவர் அல்லர்" என்று மறுப்புக் கடிதத்தில் எழுத அது ஒரு காரணமாகிவிடும்.

நம் வீடுகளில் வழங்கும் பேச்சை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் கூடப் பிறந்த அண்ணனும் 'காக்கா'தான், தெருவில் மூத்தவரும் 'காக்கா'தான். "காக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று ஒருவர் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் உடன்பிறந்த சகோதரர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடக் கூடும். பிறகு வாக்குமூலத்தில் பெரியவாப்பா மகன் என்று வரும். 'மச்சான்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேதியும் அப்படித்தான். "நோன்பு இருபத்தேழுக்கு மறுநாள்", "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளி" என்று நினைவு வைத்திருப்பவரிடம் ஆங்கிலத் தேதி கேட்டால், இந்த ஆண்டு நோன்பு வந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு என்பதால், ஒன்பது ஆண்டுக்கு முந்திய சம்பவம் மூன்று மாதத்திற்கு மேல் தள்ளிப் போய்விடும். நல்ல வழக்குரைஞர் அவர் சொன்னபடியே "நோன்பு 27" என்று முதலில் எழுதிக்கொண்டு, அந்த ஆண்டின் காலண்டரைப் பார்த்துத் தேதி போடுவார். முஹம்மது என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்திலும் பாஸ்போர்ட்டில் வேறு எழுத்திலும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதும் அவர் வேலை. கேட்பதற்குச் சில்லறை விஷயங்கள். ஆனால் மனுக்கள் சறுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்தது உடம்பு சொல்லும் சாட்சி. சித்திரவதையின் தழும்புகளை மருத்துவர் எப்படிப் பார்த்து எழுத வேண்டும் என்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று ஐ.நா. வெளியிட்ட கையேடு உண்டு. தழும்பு, சொல்லப்படும் காரணத்தோடு 'பொருந்தாது' என்பதிலிருந்து 'அந்தக் காரணத்தால் மட்டுமே வந்திருக்கும்' என்பது வரை ஐந்து படிகள் அதில் இருக்கின்றன. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவர், காவலில் வைத்துப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்று சொன்னார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் தெளிவாக இருந்தன. சுடும்போது ஆள் அசையவில்லை என்பது அதன் பொருள். அவர் மயங்கிக் கிடந்தபோது சுட்டதாக இருக்கலாம். தீர்ப்பாயமோ, புகலிடம் பெறுவதற்காக இவரே யாரையாவது வைத்து மயக்க மருந்து கொடுத்துச் சுடச் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டியது! மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெரும்பான்மை அவருக்கு எதிராகவே போயிற்று. 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த முடிவை நீக்கி, மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். தனக்குத் தானே இப்படிச் செய்துகொள்வது மிக அரிது, அதை எளிதில் ஊகித்துவிடக் கூடாது என்றார்கள். அந்த மனிதர் பிரிட்டன் வந்தது 2011ல். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது, இன்னொரு முறை விசாரிக்கப்படும் உரிமை.

அந்தத் தீர்ப்பாயத்திற்கு அப்படியொரு சந்தேகம் எங்கிருந்து வந்தது? சிலர் பொய்க் கதை சொல்லியிருக்கிறார்கள் என்பதால்தான் வந்தது. ஏஜெண்ட் எழுதித் தரும் கதையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர், தன் மனுவோடு தனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் உண்மையானவரின் மனுவிலும் ஓட்டை போடுகிறார். இன்னொன்றும் உண்டு. நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது என்பது அங்கே வழக்குரைஞருக்குத் தொழில் விதி. கதை பொய் என்று கட்சிக்காரரே சொல்லிவிட்டால், அதை உண்மையென்று அவர் வாதாட முடியாது. அதே சமயம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லவும் மாட்டார். அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஊரிலிருந்து வாப்பாவே போன் செய்து கேட்டாலும், மகனின் அனுமதி இல்லாமல் பதில் வராது. இதைக் கர்வம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வேறு வழியில்லை.

புகலிடம் தவிர, அன்றாடக் குடியேற்ற வேலையும் இவர்களிடம் நிறைய வரும். லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டிய ஆண்டு வருமான அளவு 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. திருமணம் சட்டப்படி நடந்ததற்குச் சான்றும் கேட்பார்கள். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009ன் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம்தான்.

பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற தகுதியுள்ள வழக்குரைஞர்களும், அரசு அமைப்பில் பதிவு பெற்ற ஆலோசகர்களுமே சொல்லலாம். மற்றவர்கள் தொழிலாகச் செய்தால் குற்றம். ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அந்த அமைப்புக்கு 2025 ஜனவரி முதல் குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்று பெயர். அதன் இணையப் பதிவேட்டில் ஆலோசகரின் பெயரையும், சொலிசிட்டர்களுக்கான பதிவேட்டில் வழக்குரைஞரின் பெயரையும் கட்டணமில்லாமல் தேடிப் பார்க்கலாம். கையில் பணமில்லாதவருக்குப் புகலிட வழக்கில் அரசின் இலவசச் சட்ட உதவியும் உண்டு. இதையும் ஏஜெண்ட் சொல்ல மாட்டார்.

மனு மறுக்கப்பட்டால், பிரிட்டனுக்குள் இருப்பவர் மேல்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாள்தான். ஊரிலிருந்து ஆவணம் வர வேண்டியிருந்தால் அந்தப் பதினான்கு நாளும் பறந்துவிடும். அசல் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, காவல்துறையில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றை எடுத்துவைத்திருக்கும் குடும்பம் வழக்குரைஞருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறது. ஆவணங்களில் பெயர் எழுத்து வேறுபட்டு இருப்பவர்கள் அவற்றோடு அலுவலக நேரத்தில் அறக்கட்டளைக்கு வாருங்கள். திருத்த விண்ணப்பம் எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.