செஞ்சி மலையும் நிலமும்: ஒரு திணை நோக்கு

முன்னுரை

செஞ்சி என்றவுடன் மதிலும் முற்றுகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மதில் காத்த நிலத்தையும் நீரையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் வகுத்த திணைநெறியின்வழி அவற்றை ஈண்டு நோக்குவோம்.

மலையும் காடும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் முக்கோணமாக இணைக்கின்றன. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. பாறைகள் உருண்டு திரண்டு கிடக்கும் இக்குன்றுகள் குறிஞ்சி. அடிவாரப் புதர்க்காடு முல்லை. பாறையில் விழும் மழைநீர் உள்ளே இறங்காது; விரைந்து வழிந்தோடும். அதனைத் தேக்குவதே இங்கு வாழ்வதற்குரிய முதற்கலை.

நீரும் நெல்லும்

அக்கலைக்குச் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் சான்று. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொணரப்பட்டது. கோட்டைக்குள் பெரும் நெற்களஞ்சியங்கள் எழுந்தன. வெளியே ஏரிப்பாசனம் மருதத்தை உருவாக்கியது. இன்றும் நெல்லும் மணிலாவும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து, புதுவைக்குத் தெற்கே நெய்தலைச் சேர்கிறது.

ஆண்டோரும் நிலமும்

நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், 1677-இல் சிவாசி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் எனக் கொடிகள் மாறின. முகலாயர் முற்றுகை மட்டும் 1690 முதல் எட்டாண்டுகள் நீடித்தது. மதில் பகைவரைத் தடுக்கும். ஆயின் உள்ளிருப்போர் பசியையும் நீர்வேட்கையையும் அது தணிக்குமோ? அதனைச் செய்தவை குளமும் களஞ்சியமுமே. வேங்கடரமணர் கோயிலுக்கும், 1717-18-இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலுக்கும் வந்தோர் குடித்தது ஒரே மலையின் நீரையே. தேசிங்கும் மகபத்கானும் நட்பால் ஒன்றியதைப் பாடிய நாட்டார் கதை வழங்கும் மண்ணில் இதில் வியப்பில்லை.

முடிவுரை

2025 சூலையில் இக்கோட்டை யுனெசுகோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனிக் கற்களுக்குக் காவல் மிகும், மகிழ்ச்சியே. ஆயின் ஏரிகளும் வரத்துக்கால்களும் தூர்ந்து போனால், அக்கற்கள் எதனைக் காத்து நிற்கும்? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் நமக்கு உணர்த்தும் உண்மை. ஆகவே மாணவர்களே, அடுத்தமுறை இராசகிரி உச்சியில் நிற்கும்போது மதிலை மட்டும் காணாதீர். கீழேயுள்ள ஏரிகளையும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர் ஏரியைக் காப்பதும் கோட்டையைக் காப்பதே.