கணினி எழும்பாவிட்டால் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்

உதிரிப்பாகங்கள் வாங்கி வீட்டிலே பொருத்திய கணினி, இற்றைப்படுத்திய மறுநாள் கறுப்புத் திரையோடு நின்றால் பலரும் சொல்லும் வழி, "போமட் பண்ணுங்கள்" என்பதே. அப்படிச் செய்தால் செயற்றிட்ட அறிக்கையும் குடும்பப் படங்களும் போய்விடும்.

மின்னை இட்டதும் தாய்ப்பலகையிலுள்ள யூ.ஈ.எப்.ஐ. வன்பொருளைச் சோதித்து, 'பூட் லோடர்' என்னும் சிறிய செய்நிரலை அழைக்கிறது. அதுவே விண்டோஸை அல்லது லினக்ஸை நினைவகத்தில் ஏற்றுகிறது. திறப்பு உடைந்தாலும் அலுமாரிக்குள் இருக்கும் பொருள் அப்படியே இருக்கும். இதுவும் அப்படித்தான்.

2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல், குறைபாடுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுத்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழும்ப மறுத்தது. கோப்புகள் அழியவில்லை. 'செக்கியூர் பூட்' வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று அந்தத் தடையை நீக்கியவர்கள் மீண்டார்கள்.

மாணவியர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு:

1. திரையில் வரும் செய்தியை எழுதிக்கொள்ளுங்கள்.
2. யூ.ஈ.எப்.ஐ. அமைப்பில் வன்தட்டு தெரிகிறதா எனப் பாருங்கள். தெரியாவிட்டால் கேபிளையும் வன்தட்டையும் சோதியுங்கள்.
3. தெரிந்தால், பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கி, கோப்புகளைப் பிரதி எடுங்கள்.
4. அதன் பின்னரே பூட் லோடரைத் திருத்துங்கள்.

பிட்லொக்கர் இட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இற்றைப்படுத்தும்போது மின் நின்றாலும் இதே பழுது வரலாம். ஆகவே நமது மலைநாட்டில் இடியும் காற்றுமான நாட்களில் அந்த வேலையைத் தள்ளி வைப்பதே நல்லது.