வரிசையும் வழுவும்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த பெருமையுடைய ஊராகும். இவ்வூரை அணுகுவோர் கண்ணில் முதலிற்படுவது வடபத்திரசாயி கோயிலின் இராசகோபுரம். வானளாவ நிற்கும் அக்கோபுரம் 11 நிலைகளையுடையது. ஒருவர் அதன் முதல் நிலையில் நிற்கிறார் என்று கொள்க. அவர் பதினோராம் நிலையை அடைய எத்தனை நிலை ஏறுதல் வேண்டும்? சிந்தியாது விடை கூறுவோர் பதினொன்று என்பர். ஆனால், முதல் நிலையில் அவர் முன்னரே நிற்கிறார். ஆதலின் அவர் ஏறவேண்டியவை 10 நிலைகளே. நிலைகளின் எண்ணிக்கை வேறு. முதல் நிலையிலிருந்து ஒரு நிலை எத்துணைத் தள்ளியிருக்கிறது என்னும் அளவு வேறு. எண்ணுதலும் அளத்தலும் ஒன்றெனக் கருதி மயங்குவதே, கணினிக்கு நிரல் எழுதத் தொடங்குவோர் செய்யும் பிழைகளுள் தலையாயதாகும்.

பல பொருள்களை ஒரே பெயரின்கீழ் வரிசையாக வைத்துக்கொள்ளும் வசதி ஏறத்தாழ எல்லாக் கணினி மொழிகளிலும் உண்டு. ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்களை, முன்னரே வரையறுத்த அளவில், அடுத்தடுத்து வைப்பதனை அணி என்பர். வேண்டியபோது நீளவும் குறுகவும் வல்ல வரிசையினைப் பட்டியல் என்பர். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளுக்கென 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த பதினோராம் வகுப்புப் பாடநூல் சி++ மொழியையும், 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைதான் மொழியையும் கற்பித்தன. இவ்விரு மொழிகளிலும் வரிசையிலுள்ள ஒவ்வோர் இடத்தையும் குறிக்க ஓர் எண் உண்டு. அதற்குச் சுட்டெண் என்பது பெயர். அச்சுட்டெண் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை, சுழியிலிருந்தே தொடங்குகிறது.

இதற்குக் காரணம் உண்டு. கணினியின் நினைவகத்தில் அணி எங்கே தொடங்குகிறது என்பதனை மட்டுமே பொறி குறித்துக்கொள்ளும். சுட்டெண் என்பது அத்தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளிச் செல்லவேண்டும் என்பதனைக் கூறும். முதற்பொருள் தொடக்கத்திலேயே இருத்தலின் அதற்குத் தள்ளிச் செல்லவேண்டிய அளவு சுழியாகும். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் வரிசை ஒன்றிலிருந்தே எண்ணப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி அமைத்த சி மொழியோ சுழியிலிருந்து எண்ணியது. அதன் வழிவந்த மொழிகள் பலவும் அம்முறையையே பின்பற்றின. டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எண்ணுதல் ஏன் சுழியில் தொடங்கவேண்டும் என்பதனை விளக்கி 1982-இல் ஒரு சிறு கட்டுரையே எழுதினார். ஆகவே, இஃது ஒரு மொழியின் விந்தையான வழக்கமன்று. ஆய்ந்து கொண்ட முறையாகும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டினைக் காண்க. ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாடல்களைக் கொண்டது. மார்கழித் திங்களில் நாளொன்றுக்கு ஒரு பாடலாக ஓதுதல் மரபு. ஒரு மாணவி, அன்றன்றைக்குரிய பாடலைக் காட்டும் நிரல் ஒன்றினை எழுத விரும்புகிறாள் என்று கொள்க. முப்பது பாடல்களையும் ஒரு பட்டியலில் இட்டு, மார்கழி எத்தனையாம் நாள் என்பதனையே சுட்டெண்ணாகத் தருகிறாள். முதல் நாளன்று நிரல் இரண்டாம் பாடலைக் காட்டுகிறது. அவள் அதனைக் கவனியாது விட்டால், 29 நாளும் ஒரு பாடல் தள்ளியே வரும். முப்பதாம் நாள் நிரல் முற்றிலும் நின்றுவிடும். ஏனெனில், 30 பொருள்களையுடைய பட்டியலின் இறுதிச் சுட்டெண் 29 ஆகும். முப்பது என்னும் சுட்டெண்ணுக்குரிய இடமே அங்கு இல்லை. நாளின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துச் சுட்டெண்ணாகத் தந்தால் இப்பிழை நீங்கும். முப்பதாம் நாள் நின்றபோதுதான் பிழை தோன்றியது என்று எண்ணுதல் தவறு. பிழை முதல் நாளே இருந்தது; இறுதி நாள் அது வெளிப்பட்டது. அவ்வளவே.

இப்பிழையைத் திருத்தியவர் மற்றொரு பிழையில் வீழ்வதுண்டு. மார்கழிக்கு எப்போதும் 30 நாள் என்று அவர் எண்ணிவிடுகின்றனர். 2022-ஆம் ஆண்டு திசம்பர் 16-இல் தொடங்கிய மார்கழிக்கு 30 நாள்கள் இருந்தன. 2023-ஆம் ஆண்டு திசம்பர் 17-இல் தொடங்கிய மார்கழிக்கோ 29 நாள்களே இருந்தன. நாள்களின் எண்ணிக்கையை வைத்துப் பட்டியலைச் சுற்றிவரும் நிரல், குறைந்த ஆண்டில் முப்பதாம் பாடலைக் காட்டாமலே முடிந்துவிடும். பொறி எவ்விதக் குறையும் கூறாது. பட்டியலின் நீளத்தைத் தானே ஓர் எண்ணாக எழுதிவைக்காமல், பட்டியலையே கேட்டு அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பிழை செய்தால் பொறி உடனே எச்சரிக்கும் என்று நம்பியிருத்தலும் கூடாது. பைதான் மொழியில் சுட்டெண் எதிர்ம எண்ணாகவும் இருக்கலாம். ஒன்றின் எதிர்மம் பட்டியலின் இறுதிப் பொருளைக் குறிக்கும். மேற்கூறிய மாணவி, முந்திய நாளின் பாடலையும் காட்ட விரும்பி, அன்றைய சுட்டெண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கிறாள் என்க. முதல் நாளின் சுட்டெண் சுழி. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் எதிர்ம ஒன்று வரும். முந்திய நாள் என்பதே இல்லாத அந்நாளில், நிரல் முப்பதாம் பாடலைத் தயங்காது காட்டும். நின்றுவிடும் நிரல் நேர்மையானது. நிற்காமல் தவறான விடையைத் தரும் நிரலோ அதனினும் தீது.

பட்டியலுக்குள் பட்டியல் அமையும்போது மற்றொரு மயக்கம் நேர்கிறது. ஆண்டாளின் மற்றொரு நூலாகிய நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளாக அமைந்தது. பெரும்பாலானவற்றில் பத்துப் பாடல்கள் உள்ளன. இதனைக் கண்ட ஒருவர், ஒவ்வொன்றிலும் பத்து என்றே கொண்டு நிரல் எழுதினால், 140 பாடல்களே கிடைக்கும். ஆனால், நூலில் உள்ளவை 143 பாடல்கள். மூன்று திருமொழிகளில் பதினொரு பாடல்கள் இருத்தலின், அம்மூன்றின் இறுதிப் பாடல்களும் விடுபட்டுப்போம். எல்லா வரிசைகளும் ஒரே நீளமுடையன என்று கருதாமல், உள்ளிருக்கும் ஒவ்வொரு பட்டியலின் நீளத்தையும் தனித்தனியே அறிதல் வேண்டும்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து பொருள்களை நீக்குவது பிறிதொரு பிழை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை விற்கும் கடை ஒன்றில், பால்கோவா கேட்டிருப்போர் ஐவரின் பெயர்கள் ஒரு பட்டியலில் உள்ளன என்று கொள்க. அவருள் இரண்டாமவரும் மூன்றாமவரும் பொருளைப் பெற்றுச் சென்றுவிட்டனர். பெற்றவர் பெயரை நீக்கும் நிரல் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருகிறது. இரண்டாம் பெயரை நீக்கியவுடன், மூன்றாம் பெயர் முன்னே நகர்ந்து அவ்விடத்தை நிரப்புகிறது. நிரலோ அடுத்த இடத்திற்குச் சென்றுவிடுகிறது. எனவே, மூன்றாமவர் பெயர் பார்க்கப்படாமலே தப்பி நிற்கிறது. அவருக்கு இரண்டாம் முறையும் பால்கோவா சென்று சேரும். அடுத்தடுத்து நிற்கும் இருவரை நீக்கும்போதே இப்பிழை வெளிப்படுதலால், பலமுறை சரியாக இயங்கிய நிரல் திடீரென ஒரு நாள் தவறும். நீக்கவேண்டியவற்றை நீக்குவதற்கு மாறாக, வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் புதியதொரு பட்டியலில் சேர்த்தல் நலம். அன்றேல், பட்டியலை இறுதியிலிருந்து தொடக்கம் நோக்கிப் பார்த்து வருதல் வேண்டும்.

இனி, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் விளையும் பிழையைக் காண்போர் வியப்புறுவர். ஆண்டாளுக்குக் கோதை என்பதும் பெயர். பெயர் இரண்டாயினும் அவர் ஒருவரே. பைதான் மொழியில் ஒரு பட்டியலுக்கு மற்றொரு பெயரைச் சமன் குறியிட்டுத் தந்தால், பட்டியல் இரண்டாவதில்லை. ஒரே பட்டியல் இரு பெயர் பெறுகிறது. ஒரு பெயரால் அதனை மாற்றினால், மறு பெயரால் நோக்கும்போதும் அம்மாற்றமே தோன்றும். பழைய மதிப்பெண்களைக் காத்துவைத்ததாக எண்ணியிருந்த மாணவன், அவையும் அழிந்துபோயின என்று திகைப்பது இதனாலேயாம். அக்காலத்தில் ஓர் ஏட்டிலிருந்ததனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதியதே படியெடுத்தல் எனப்பட்டது. பழைய ஏட்டுக்குப் புதுப்பெயர் சூட்டியதை எவரும் படியெடுத்தல் என்னவில்லை. கணினியிலும் படி வேண்டுமாயின், படியெடுக்கும் ஆணையை வெளிப்படையாகத் தருதல் வேண்டும்.

இதே பிழை வேறொரு வடிவிலும் வரும். ஐந்து மாணவர்க்கு மதிப்பெண் இடுவதற்காக, ஒரு வரிசையை அமைத்து, அதனையே ஐந்து மடங்காக்குவோர் உண்டு. அங்கே தோன்றுபவை ஐந்து வரிசைகள் அல்ல. ஒரே வரிசை ஐந்து இடங்களில் காட்டப்படுகிறது. ஒரு மாணவனுக்கு இட்ட மதிப்பெண் ஐவர்க்கும் ஏறிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரிசை அமைத்தலே இதற்குத் தீர்வாகும்.

இவையெல்லாம் வகுப்பறையில் நேரும் சிறு பிழைகள்தாமே என்று அலட்சியம் செய்தல் தகாது. பைதான், எல்லை கடந்த சுட்டெண்ணைக் கண்டால் நிரலை நிறுத்திப் பிழையை அறிவிக்கிறது. சி மொழி அவ்வாறு காவல் செய்வதில்லை; அணிக்கு அப்பாலுள்ள நினைவகத்தையும் படிக்கவும் எழுதவும் அது விட்டுவிடும். 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், இணையத்தில் பரவிய ஒரு நச்சுநிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. அது புகுந்த வழிகளுள் ஒன்று, 512 எழுத்துகளுக்கென ஒதுக்கிய அணியில் அதனினும் நீண்ட செய்தியை அளவு பாராமல் ஏற்றுக்கொண்ட ஒரு நிரலாகும்.

2014-ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறையும் இத்தகையதே. இணையத்தில் மறைவாகச் செய்தி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் அது காணப்பட்டது. ஒரு முனையிலிருந்து சிறு செய்தி ஒன்றையும், அதன் நீளம் இத்துணை என்னும் குறிப்பையும் அனுப்பினால், மறுமுனை அச்செய்தியைத் திருப்பி அனுப்பும். குறிப்பிட்ட நீளம் உண்மையானதா என்று மென்பொருள் சரிபார்க்கவில்லை. சில எழுத்துகளையே அனுப்பி, பெரியதொரு நீளத்தைக் கூறியவருக்கு, செய்திக்கு அப்பால் நினைவகத்திலிருந்த பிறருடைய இரகசியங்களும் சேர்ந்து சென்றன. ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் அளவு இவ்வாறு கசியக்கூடும். உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் மக்கள் தம் கடவுச்சொற்களை மாற்ற நேர்ந்தது. நீளத்தை நேரில் அறியாமல் பிறர் சொல்லை நம்பியதன் விளைவு இது.

பிழையைக் கண்டறியும் முறை எளிது. முதலாவதாக, பொறி தரும் பிழைச் செய்தியை அஞ்சாமல் முழுமையாகப் படித்தல் வேண்டும். பிழை எத்தனையாம் வரியில் நேர்ந்தது என்பதும், சுட்டெண் எல்லை கடந்ததா என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதாக, பிழை நேரும் வரிக்குச் சற்று முன்னே பட்டியலின் நீளத்தையும் சுட்டெண்ணையும் திரையில் அச்சிட்டுக் காணுதல் வேண்டும். நினைத்த எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் எவ்விடத்தில் வேறுபடுகின்றனவோ அவ்விடத்திலேயே பிழை ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, முப்பது பாடல்களை வைத்துத் தேடாமல், மூன்று பாடல்களை வைத்துத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மூன்றில் விளங்காத பிழை முப்பதில் விளங்காது. நான்காவதாக, ஒன்றும் இல்லாத பட்டியல், ஒரே பொருளுடைய பட்டியல், முதலிடம், இறுதியிடம் ஆகிய நான்கினையும் தவறாது சோதித்தல் வேண்டும். நடுவில் நிரல் செவ்வனே இயங்குவதைக் கண்டு மகிழ்வோர் பலர். ஆனால், வழு பெரும்பாலும் ஓரங்களிலேயே உறைகிறது.

கணினி, தனக்கு இட்ட ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவது. ஆணையிடுவோர் மனத்தில் கருதியதனை அஃது அறியாது. ஆகலின், விடை தவறும்போது பொறியைக் குறைகூறுவதும், கண்ட இடத்தில் ஒன்றைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பதும் பயனற்றவை. காரணம் அறியாது திருத்திய பிழை, மறுநாள் வேறோர் இடத்தில் தலைகாட்டும். தொடக்கம் எது, முடிவு எது, நீளம் எவ்வளவு, பொருள் ஒன்றா இரண்டா என்னும் வினாக்களுக்குத் தெளிவாக விடை கூறவல்ல மாணவர், பட்டியல்களை மட்டுமன்றி, தம் எண்ணங்களையும் வரிசைப்படுத்தக் கற்றவராவர்.