புயல் வருமுன் குடும்பத்தார் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

ஐப்பசி முதல் மார்கழி வரையில் வங்காள விரிகுடாவில் புயல் தோன்றுவது சோழமண்டலக் கரையிலுள்ளார் நன்கறிந்த விஷயமே. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் தனுஷ்கோடி அழிந்ததையும், 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தினருகே கரையேறிய கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததையும் அங்கத்தினர்கள் மறந்திரார்கள்.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. உயிர்ச்சேதத்தைக் குறைக்க இயலும். ஒடிஷாவில் 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையில் கோபால்பூரினருகே பைலின் புயல் மோதிற்று. அப்பொழுது பத்து லக்ஷம் ஜனங்கள் வரையில் முன்னதாகவே பத்திரமான இடங்களுக்குச் சென்றிருந்தபடியால், மாண்டவர் நூற்றுக்கும் குறைவு. முன்னேற்பாட்டின் பயன் இதுவேயாம்.

1. அபாயம் எவ்விதம் வருகிறது?

காற்றைக் காட்டிலும் கடல்நீரே அதிக உயிரைக் கொள்ளுகிறது. புயல் கிழக்கிலிருந்து கரையேறுங்கால், அதன் நடுவிடத்திற்கு வடபால் காற்றுக் கடலினின்று நிலத்தை நோக்கி வீசும்; ஆதலின் அப்பக்கத்திலேயே கடல் மிகுதியாக உட்புகும். புயல் தங்களூருக்குத் தெற்கே கரையேறும் என்று கேள்விப்பட்டு, தமக்குப் பயமில்லையென்று கடலோரத்தார் எண்ணியிருத்தல் தகாது.

புயலின் நடுவிடம் ஊரின்மேல் வருங்கால் காற்றுத் திடீரென்று ஓய்ந்துவிடும். புயல் தீர்ந்ததென்று கருதி, மாட்டைப் பார்க்கவும் கூரையைக் கட்டவும் வெளியே போகிறவர்கள் உண்டு. சிறிது நேரத்திற்குள் எதிர்த்திசையிலிருந்து முன்போலவே கடுமையாகக் காற்று வீசும். இதைக் குழந்தைகளுக்குங்கூடச் சொல்லிவைத்தல் வேண்டும்.

2. முன்னரே தீர்மானிக்க வேண்டியவை

எச்சரிக்கை கிடைத்தவுடன் வீட்டிலுள்ளோர் ஒருங்கிருந்து பேசுக. பாட்டியையும் நோயாளியையும் அழைத்துச் செல்பவர் யார், கைக்குழந்தையை எடுப்பவர் யார், நிலப் பத்திரம், குடும்ப அட்டை, சங்கப் பாஸ் புஸ்தகம் இவற்றை நீர் புகாத பையிலிட்டுக் கொண்டுவருபவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை இருத்தல் வேண்டும். பிரசவகாலம் நெருங்கியவர்களை முதலிலேயே ஆஸ்பத்திரியுள்ள ஊருக்கு அனுப்பிவிடுக.

மூன்று நாளைக்குக் குடிநீர், பொரி, அவல், வெல்லம், வழக்கமான மருந்துகள், மின்கலப் பந்தம் ஆகியவை ஆயத்தமாயிருக்கட்டும். விதைநெல்லை மேட்டிடத்தில் சேர்ப்பிக்கவும். மாடுகளைப் பகலிலேயே மேட்டிற்கு ஓட்டிவிடுக. அதற்கு வழியில்லாவிடில் தும்பை அவிழ்த்துவிடுக. கட்டுண்ட மாடு நீர் ஏறினால் நீந்தித் தப்ப மாட்டாது.

வீட்டை விட்டு வாரேன் என்னும் முதியோர் பல குடும்பங்களில் உண்டு. காற்று வீசும் வேளையில் அவர்களுடன் வாதாடுவது வீண். ஆதலால் வானம் தெளிந்திருக்கும்பொழுதே பேசி இணங்கச் செய்க. காவலுக்கென்று ஒருவரை வீட்டில் விட்டுச் செல்வதும் கூடாது. மரங்கள் விழுந்து பாதை அடைபடுமுன், பகல் வெளிச்சத்தில் எல்லோரும் புறப்படுதல் நலம்.

3. புயலுக்குப் பின்

அறுந்து கிடக்கும் மின்சாரக் கம்பியை அணுகலாகாது. வெள்ளம் புகுந்த வீட்டில் பாம்பு ஒதுங்கியிருக்கக்கூடும். கோலால் தட்டிப் பார்த்தே நுழைக. நீரைக் கொதிக்க வைத்தே பருகுக. கடல்நீர் புகுந்த கிணற்று நீரை, அதை இறைத்துச் சுத்தம் செய்து சோதிக்கும் வரையில், குடிக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(அ) நம் கிராமத்தில் துணையின்றித் தனியே வாழும் முதியோர் எத்தனை பேர்? அவர்களை அழைத்துவரும் பொறுப்பு எந்த அங்கத்தினரைச் சேர்ந்தது?

(ஆ) வண்டியுள்ளோர், இல்லாத குடும்பங்களில் எவற்றை ஏற்றிச் செல்வர்?

(இ) புகலிடமாகக் குறித்த கட்டடத்தின் சாவி யாரிடம் உள்ளது? அவர் ஊரிலில்லாவிடில் திறப்பவர் யார்?

இம்மூன்றற்கும் பெயர்களுடன் விடை எழுதி, ஐப்பசி பிறக்குமுன் சங்கக் கட்டடத்தில் ஒட்டிவைக்கவும்.