ஐப்பசி மழையில் சப்ரகமுவ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் பலர், பண்டிகை முடிந்த மறுநாளே வேன் பிடித்து நுவரெலியாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு வருகிறவர்கள், கிடைக்கிற நாலைந்து நாளைச் சந்தோஷமாகக் கழிக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் யட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் பிறந்து வளர்ந்தவர்களே, "இந்த மழைக்கு நம்ம பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பதை மனம் ஏற்கவில்லை. சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மழைக்காலம் பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. சில நம் ஊரைக் குறைத்துக் காட்டுகின்றன. சில உயிருக்கே உலை வைப்பவை.

"ஐப்பசி, கார்த்திகையில் விடிந்தால் மழை, அடைந்தால் மழை, வெளியே கால் வைக்க முடியாது" என்பதுதான் பரவலான பேச்சு. மழை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இரத்தினபுரி இந்நாட்டின் மிக ஈரமான பட்டணங்களில் ஒன்று. ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் அடிக்கும், நிலம் சூடேறும், மதியத்துக்குப் பிறகு மலைச்சரிவில் மேகம் திரண்டு, பின்நேரம் இடியோடு கொட்டும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் குணம் வேறு. அது இரவு பகல் பாராமல் நாள்கணக்கில் பிடிக்கும். இரத்தினபுரியை மூழ்கடித்த 2003, 2017 பெருவெள்ளங்கள் இரண்டும் மே மாதத்தில் வந்தவைதான். ஆகவே ஐப்பசியில் விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுகிறவருக்கு அநேக நாள்களில் அரை நாள் நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கமோ புயலோ உருவானால் காலை, மாலை என்ற கணக்கே செல்லாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலையும் அதில் அடிபட்டது. அன்றாடப் பின்நேர மழை வேறு, தாழமுக்க மழை வேறு. முதலாவதற்கு நேரம் பார்த்து நடந்தால் போதும். இரண்டாவது வந்தால் பயணத்தைக் கைவிட வேண்டும். வானிலை அறிக்கையில் தாழமுக்கம் என்ற சொல் காதில் விழுந்தால், வேனுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் போகட்டும்.

"இரத்தினபுரியில் மாணிக்கக்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை" என்பார்கள். முதலில் அந்த மாணிக்கக்கல்லையே நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய தெருக்களில் காலை வேளையில் வியாபாரிகள் கூடுவார்கள். மடித்த வெள்ளைக் காகிதத்தை ஒருவர் பிரிப்பார். உள்ளே மிளகளவில் நீலக்கற்கள். வாங்க வந்தவர் ஒன்றை எடுத்து, விரலிடுக்கில் பிடித்து, வானத்துக்கு நேரே உயர்த்திப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். நிறத்தையும் உள்ளே ஓடும் கீற்றையும் இயற்கை வெளிச்சத்தில்தான் சரியாகக் கணிக்க முடியும். எனவே மாரிகாலத்தில் இந்தச் சந்தையைக் காலையில் பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பதற்குக் காசில்லை, ஆசைப்பட்டு வாங்காதீர்கள். தெருவில் மலிவாகக் கிடைக்கும் கல் கண்ணாடியாக இருக்கலாம், சூடேற்றி நிறம் கூட்டியதாகவும் இருக்கலாம். வாங்கியே தீருவதென்றால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்த பிறகே காசைக் கொடுங்கள்.

இரத்தினபுரி மாவட்டம் முழுவதும் ஒரே மழைக்காடு என்பதும் சரியல்ல. கலவானை வழியாக வெத்தாகல, குடாவ என்று போனால் சிங்கராஜ வனம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. அதே மாவட்டத்தில் பலாங்கொடையைத் தாண்டித் தெற்கே இறங்கினால் காற்றே மாறிவிடும். எம்பிலிப்பிட்டியப் பக்கம் உலர்வலயம். அங்கே உடவளவை தேசியப் பூங்கா 1972இல் அறிவிக்கப்பட்டது. யானை பார்க்க வேறு பருவத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் அங்கே யானை நிற்கும். பக்கத்திலுள்ள யானைக்குட்டிகள் தற்காலிகப் பராமரிப்பு நிலையத்தில், தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைத் தள்ளி நின்று பார்க்கலாம். தொட விடமாட்டார்கள், வளர்ந்ததும் காட்டுக்கே திருப்பி அனுப்பப்பட வேண்டிய குட்டிகள் அவை. பின்னவலவை மட்டும் அறிந்த பிள்ளைகளை ஒருமுறையாவது இங்கே கூட்டிப்போக வேண்டும்.

சிவனொளிபாதமலை பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. பருவம் தவறினால் ஏறவே தடை என்கிறார்கள் சிலர். எப்போது வேண்டுமானாலும் ஏறலாம் என்கிறார்கள் வேறு சிலர். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் ஏறுவது குற்றமல்ல. ஆனால் வழியில் விளக்கு எரியாது, கடைகள் பூட்டியிருக்கும், விழுந்தால் தூக்க ஆளில்லை. 2243 மீற்றர் உயரம். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல வழி மிக நீளமானது, காட்டுக்குள்ளால் போவது. ஐப்பசியில் அந்த வழியில் குடும்பத்தோடு போகவே கூடாது. யாத்திரை இல்லாத மாதங்களில் மலையின் சமன் தெய்வச் சிலை பெல்மதுளைக் கல்பொத்தாவல விகாரையில்தான் இருக்கிறது. பருவம் தொடங்கும்போது அங்கிருந்துதான் ஊர்வலமாக மலைக்குப் போகும். மலையேற முடியாதவர்கள் பெல்மதுளைக்குப் போய் வரலாம்.

இனி, மிக ஆபத்தான நம்பிக்கை: "இங்கே மழை இல்லையே, ஆற்றில் இறங்கினால் என்ன?"

2024 ஒக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் கடலோர மாகாணமான வலென்சியாவில் நடந்ததைக் கேளுங்கள். மூழ்கிய ஊர்களில் சிலவற்றில் அன்று மழையே சரியாகப் பெய்யவில்லை. மேலே மலைப்பக்கம் கொட்டிய நீர், வறண்டு கிடந்த ஓடை வழியே ஊருக்குள் பாய்ந்தது. கைப்பேசி எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு மணி கடந்திருந்தது. பல தெருக்கள் அதற்குள் நீருக்கடியில். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்முடைய குருவிட்ட போபத் எல்ல நீர்வீழ்ச்சியும் கித்துல்கலையில் ஓடும் களனி கங்கையும் அப்படித்தான். போபத் எல்ல அரசிலையின் வடிவில் விரிந்து விழுவதை நன்றாகப் பார்க்க மழைக்காலமே உகந்தது. ஆனால் கரையில் நின்று பாருங்கள். கித்துல்கலைக்கு மேலே நீர்மின் நிலையங்கள் உள்ளன. அவை நீரைத் திறந்துவிட்டால் மழை இல்லாமலே நீர்மட்டம் ஏறும். பயிற்சி பெற்ற வழிகாட்டியும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் படகில் ஏறாதீர்கள்.

அட்டை கடித்தால் விஷம் ஏறும் என்று அஞ்சுகிறவர்கள், சேற்றுநீரில் வெறுங்காலோடு நடக்க அஞ்சுவதில்லை. அட்டைக்கு விஷமில்லை; இரத்தம் கொஞ்சம் கூடுதலாக வடியும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. இரத்தினபுரி, கேகாலை இரண்டிலும் அது அதிகம். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குகிறவருக்கு மட்டும் வருவதல்ல. காலில் சிறு புண்ணோடு ஓடையைக் கடந்தவருக்கும் வரும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, "தேயிலை வேர் மண்ணைப் பிடிக்கும், தோட்டம் சரியாது" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் சரிந்தது தேயிலைத் தோட்டம்தான். புதைந்தவை நம்மவர் லயங்கள்தான். கேகாலையில் 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கியது. மண் பல அடி ஆழத்தில் நீர் குடித்துக் கனக்கும்போது மேலே நிற்கும் செடி எதையும் தாங்காது. சுவரில் புது வெடிப்பு, நிலத்தில் பிளவு, சாயும் மரம், திடீரென்று கலங்கி ஊறும் ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் வெளியேறிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் வரும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

இந்தத் தீபாவளிக்கு வருகிறவர்கள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது உங்கள் சொந்த மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். புறப்படுமுன் அன்றைய வானிலை அறிக்கையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டுவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. எந்த நேரமும் அழைக்கலாம்.