இருட்டில் டார்ச்சால் வரையலாமா?

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இருட்டறையில் டார்ச்சை அசைத்து ஒளிக்கோடுகளைப் படமெடுத்துப் பார்க்கிறேன். சில படங்கள் வெளுத்துவிடுகின்றன, சில கலங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நல்ல பயிற்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1949இல் புகைப்படக்காரர் ஜியோன் மிலி, பிக்காசோவின் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுத்துக் காற்றில் வரையச் சொல்லி எடுத்த படங்கள் இந்த முறையில் உருவானவைதான்.

ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 20 விநாடி என்று தொடங்குங்கள். ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் அறையில் கசியும் வெளிச்சம்தான் குறையும். டார்ச் கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்பவை அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, உங்கள் கையின் வேகம் ஆகிய மூன்றும். எனவே கோடு வெளுத்தால் எஃப்/11க்கு மாறுங்கள், அல்லது கையை விரைவாக நகர்த்துங்கள்.

கலங்கலுக்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். விளக்கு எரியும்போதே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஷட்டரை அழுத்தும்போது கேமரா அசையும். ட்ரைபாடில் பொருத்தி, 2 விநாடி டைமர் வையுங்கள்.

வரைபவரின் உருவமும் தெளிவாக வேண்டுமென்றால், அவரை அசையாமல் நிற்கச் சொல்லி ஒரே ஒருமுறை ஃபிளாஷ் அடியுங்கள். மிலியும் ஃபிளாஷைக் கொண்டுதான் பிக்காசோவின் உருவத்தைப் பதிந்தார்.

ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றிக் குறித்துவையுங்கள். ஒளியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.